குதிகால் நோவும் அதனை உரைக்கும் மொழியும்: மருத்துவச் சந்திப்பில் தமிழ் வலிச்சொற்களின் பயன்பாடு

ஆய்வுச்சுருக்கம்

பாதத்தில் தோன்றும் வலியை மருத்துவர் முதலில் அறிவது நோயாளியின் சொல் வழியாகவே ஆகும். குதிகால் வலி போன்ற நோய்களில் நோயாளி கூறும் வரலாறே நோயறிதலின் பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது. தமிழில் வலியைக் குறிக்கும் சொற்கள் மிகுதியாகவும் நுட்பமான வேறுபாடு உடையனவாகவும் உள்ளன. எனினும் ‘கால்’, ‘நரம்பு’, ‘வாதம்’ முதலிய சொற்களின் பொருட்பரப்பு விரிந்திருப்பதால் சந்திப்பில் பொருள் மயக்கமும் நேர்கிறது. இக்கட்டுரை குதிகால் வலியை மையமாகக் கொண்டு, அதன் இயல்பு, சிகிச்சை ஆகியவற்றை விளக்கி, நோயாளியின் மொழிக்கும் மருத்துவ மொழிக்கும் இடையிலான உறவைச் சொற்பொருள், தொடரமைப்பு, கலைச்சொல்லாக்கம் என்னும் மூன்று நிலைகளில் ஆராய்கிறது. வலியை உரைக்கும் சொல்வளம் போல, உணர்விழப்பை உரைக்கும் வழக்கும் கவனிக்கப்பட வேண்டும் என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: குதிகால் வலி, வலிச்சொற்கள், குறிப்புச்சொற்கள், மருத்துவக் கலைச்சொற்கள், உணர்விழப்பு.

முன்னுரை

மருந்து என்பது உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான் என்னும் நாற்கூறு உடையது எனத் திருக்குறளின் மருந்து அதிகாரம் வகுக்கிறது. இந்நான்கனுள் முதலாவதாக வைக்கப்பட்டவன் நோயுற்றவனே. அவன் தன் நோயை உரைத்தால்தான் ஏனைய மூன்றும் செயற்படும். இரத்த அழுத்தத்தை அளக்கக் கருவி உண்டு. சர்க்கரையின் அளவை ஆய்வுக்கூடம் சொல்லிவிடும். வலியை அளக்கும் கருவி இதுவரை இல்லை. அதற்குச் சொல்லே கருவி.

இதனை மருத்துவ உலகம் முறையாக ஏற்றுக்கொண்டு அரை நூற்றாண்டு ஆகிறது. கனடா நாட்டு உளவியலறிஞர் ரொனால்ட் மெல்சாக், நோயாளிகள் வலியைக் குறிக்க வழங்கும் ஆங்கிலச் சொற்களைத் தொகுத்து 1975இல் ‘மெக்கில் வலி வினாநிரல்’ என்னும் கருவியை வெளியிட்டார். அதில் 78 சொற்கள் 20 தொகுதிகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. புலனுணர்வைக் குறிப்பன, உள்ளத்து உணர்ச்சியைக் குறிப்பன, வலியின் கடுமையை மதிப்பிடுவன என அவை வகைமை பெறுகின்றன. ஒரு மொழியின் அன்றாடச் சொற்களே மருத்துவத் தரவாக இயலும் என்பதை இவ்வினாநிரல் நிறுவியது. அவ்வாறாயின், தமிழ் நோயாளியின் சொற்களை ஆராய்வது மொழியியலாருக்கும் உரிய பணியாகும்.

இக்கட்டுரை பாதத்தில் தோன்றும் வலியை, அதிலும் சிறப்பாகக் குதிகால் வலியை எடுத்துக்கொள்கிறது. உயிருக்கு உடனடித் தீங்கு செய்யாத நோய் என்பதால் இது பெரிதும் பொருட்படுத்தப்படுவதில்லை. ஆயினும் நின்றும் நடந்தும் பிழைப்போர்க்கு இது வாழ்வாதாரத்தைத் தொடும் நோய். கட்டுரைக்குரிய தரவுகள் தமிழ் பேசுவோர் பொதுவாக அறிந்த பேச்சு வழக்குகளும் அகராதிகளில் இடம்பெற்ற சொற்களும் ஆகும்.

1. குதிகால் வலியின் இயல்பு

உள்ளங்காலின் அடியில், குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை தடித்த நார்த்திசுப் பட்டை ஒன்று விரிந்து செல்கிறது. பாதத்தின் வளைவைத் தாங்கி நிற்பது இப்பட்டையே. நடக்கும்போது குதிகால் உயர்ந்து விரல்கள் மேல்நோக்கி வளையும். அப்போது பட்டை விரல்களின் அடியில் சுற்றி இழுக்கப்பட்டு, வளைவு உயர்ந்து, பாதம் விறைப்பான நெம்புகோல் போல் ஆகிறது. கிணற்று உருளையில் கயிறு சுற்றுவதை ஒத்த இவ்வியக்கத்தை ஹிக்ஸ் என்பார் 1954இல் விளக்கினார். இப்பட்டை குதிகால் எலும்பில் பொருந்தும் இடத்தில் மீண்டும் மீண்டும் ஏற்படும் இழுவையால் உண்டாகும் நோயே ‘பிளாண்டர் ஃபேஷியைட்டிஸ்’ எனப்படுகிறது.

இந்நோயின் தனி அடையாளம் அதன் காலமுறை. இரவு முழுதும் பாதம் கீழ்நோக்கித் தளர்ந்திருப்பதால் பட்டை சுருங்கிய நிலையில் இருக்கும். காலையில் எழுந்து முதலடி ஊன்றும்போது அது திடீரென நீட்சி அடைகிறது. ஊசியால் குத்துவது போன்ற வலி எழுகிறது. சில அடிகள் நடந்தபின் வலி தணியும். நெடுநேரம் அமர்ந்து எழுந்தாலும், நாள் முழுதும் நின்றாலும் திரும்பவும் தோன்றும். குதிகாலின் உட்புற முன்பகுதியை அழுத்தினால் நோகும். இவ்வளவும் தெளிவாகச் சொல்லப்பட்டால், பெரும்பாலும் படமெடுப்புச் சோதனை இன்றியே நோயை அறிய இயலும். எனவே, இந்நோயில் ‘எப்போது வலிக்கிறது’ என்பதற்கான விடை, ‘எவ்வளவு வலிக்கிறது’ என்பதற்கான விடையினும் பயனுடையது.

2. ‘கால்’ என்னும் சொல்லின் பொருட்பரப்பு

சந்திப்பின் முதற் சிக்கல் இடப்பெயரிலேயே தொடங்குகிறது. இடுப்புக்குக் கீழ் நிலம்வரை உள்ள உறுப்பு முழுவதையும் தமிழர் ‘கால்’ என்றே வழங்குகின்றனர். அடி, தாள், பாதம் எனப் பாதத்தைத் தனித்துச் சுட்டும் சொற்கள் இருப்பினும், அவை வழிபாட்டு மொழியிலும் இலக்கிய மொழியிலுமே மிகுதியும் நிலைபெற்றுள்ளன. தெய்வத்தின் அடியைப் பாடும் மொழி, நோயாளியின் அடியைக் கால் என்றே சொல்கிறது. ஆகவே ‘கால் வலி’ என்ற சொற்றொடர் தொடை முதல் விரல் நுனிவரை எவ்விடத்தையும் குறிக்கலாம்.

இக்குறையை ஈடுசெய்யும் கூட்டுச்சொற்கள் பேச்சு வழக்கிலேயே உள்ளன: உள்ளங்கால், புறங்கால், குதிகால் அல்லது குதிங்கால், கணுக்கால், கெண்டைக்கால், விரலிடுக்கு. கணுக்காலைக் கரண்டைக்கால் என்னும் வழக்கும் உண்டு. கரண்டை, கெண்டை ஆகியன ஒலியால் நெருங்கிய சொற்கள். ஒன்று மூட்டு, மற்றொன்று தசை. பிற வட்டாரத்திலிருந்து வந்த மருத்துவர் இவற்றை மாற்றி உணர வாய்ப்புண்டு. நோயாளி விரலால் தொட்டுக் காட்டுவது இம்மயக்கத்தை நீக்கும் எளிய வழி. ஒற்றை விரலால் ஓரிடத்தைக் காட்டுவதும், உள்ளங்கையால் பாதம் முழுவதையும் தடவிக் காட்டுவதும் வெவ்வேறு செய்திகள். முன்னது திசுவின் ஓரிடத்து நோயைச் சுட்டும். பின்னது பரவலான நரம்பு நோயை நினைக்கச் செய்யும்.

புறநோயாளிப் பிரிவில் இது நடைமுறைச் சிக்கலாகவும் ஆகிறது. பதிவு செய்யுமிடத்தில் சொல்லப்படும் ஓரிரு சொற்களே நோயாளி எலும்பியல் பிரிவின் வரிசையில் நிற்பதா, நரம்பியல் பிரிவின் வரிசையில் நிற்பதா, நீரிழிவுப் பிரிவுக்குச் செல்வதா என்பதை முடிவு செய்கின்றன. தவறான வரிசையில் கழியும் ஒரு நாள், தினக்கூலி பெறுவோர்க்கு ஒரு நாள் ஊதியமாகும்.

3. நோவைச் சுட்டும் சொற்கள்

‘வலி’ என்னும் சொல் பண்டைத் தமிழில் வலிமைப் பொருளில் வழங்கியது. திருக்குறளின் ‘வலியறிதல்’ ஆற்றலை அறிதலைப் பற்றியதே. துன்ப உணர்வைச் சுட்டியது ‘நோ’ என்னும் அடி. நோய், நோவு, நொந்து முதலியன அதன் வழிப்பட்டவை. பையுள், சிறுமை என்னும் உரிச்சொற்கள் நோய்ப்பொருள் தருவன எனத் தொல்காப்பிய உரியியல் குறிப்பிடுகிறது. உடல் நோவும் உள நோவும் ஒரே சொல்லால் சுட்டப்பட்ட அந்நிலை இன்றும் ‘மன உளைச்சல்’, ‘கால் உளைச்சல்’ என்னும் வழக்குகளில் தொடர்கிறது.

இக்காலப் பேச்சில் ‘வலி’ பொதுச்சொல்லாகி, அதன்கீழ்ச் சிறப்புச் சொற்கள் அமைகின்றன. பாத நோய்களைப் பொறுத்தவரை அவற்றைப் பின்வருமாறு விளக்கலாம்.

குத்தல்: கூர்மையான, ஓரிடத்து வலி. குதிகால் பட்டை நோயில் முதலடியின்போது உணரப்படுவது பெரும்பாலும் இதுவே. 

கடுப்பு: நெடுநேரம் நின்றதால் அல்லது நடந்ததால் தோன்றும் வலி. ‘கால் கடுக்க நின்றான்’ என்னும் மரபுத்தொடரில் காரணமும் விளைவும் ஒருங்கே அடங்கியுள்ளன. சுமையேற்றத்தால் மிகும் நோயை இச்சொல் சுட்டுகிறது. 

குடைச்சல்: ஆழத்திலிருந்து துளைப்பது போன்ற வலி. ஓய்வின்போதும் இரவிலும் குடையும் எனின் மருத்துவர் எலும்பு, மூட்டு, நரம்பு ஆகியவற்றின் நோய்களை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும். 

எரிச்சல், காந்தல்: நெருப்பின் தன்மை உடையன. இரவில் இரு பாதங்களும் எரிவதாகக் கூறுவது நீரிழிவால் வரும் நரம்புப் பாதிப்பின் பரவலான குறி. உள்ளங்காலின் ஒரு பகுதியில் மட்டும் எரிச்சலும் ஊர்தலும் இருப்பின், கணுக்காலின் உட்புறத்தில் நரம்பு அழுத்தப்படுவதும் காரணமாகலாம். 

பிடிப்பு: தசை இறுகுதல். சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்காலைப் பிடித்து, நின்றால் விட்டுவிடும் எனின், இரத்தக்குழாய் அடைப்பை ஐயுற வேண்டும்.

இச்சொற்களோடு குறிப்புச்சொற்கள் இணையும்போது காலப்பண்பும் புலப்படுகிறது. ‘என’ என்னும் இடைச்சொல் வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் ஆகியவற்றைத் தொடர்ந்து வரும் எனத் தொல்காப்பிய இடையியல் வகுத்துள்ளது. ‘சுருக்கென்று’, ‘விண்ணென்று’ ஆகிய இக்கால வழக்குகள் அவ்விதியின் தொடர்ச்சியே. ‘சுருக்கென்று குத்தியது’ என்பது ஒருமுறை நிகழ்ந்த திடீர் வலி. ‘சுருக்சுருக்கென்று குத்துகிறது’ என்பது விட்டுவிட்டுத் தோன்றுவது. ‘விண்விண்ணென்று தெறிக்கிறது’ என்பது நாடித்துடிப்போடு ஒத்து எழுவது. சீழ் கட்டியிருக்கும் இடத்தில் பெரும்பாலும் இவ்வாறு உணரப்படும். ‘கணகணவென்று இருக்கிறது’ என்பது வெப்பத்தைச் சுட்டுவது. நீரிழிவு உடையவரின் ஒரு பாதம் மட்டும் வீங்கிக் கணகணவென்று இருப்பின் அன்றே மருத்துவரைக் காண வேண்டும். தமிழில் இவ்வாறு அடுக்கி வருதல் அழகு கருதியது மட்டும் அன்று. வலியின் கால இடைவெளியை உரைக்கும் இலக்கணக் கருவியும் ஆகும்.

ஆங்கிலவழிக் கற்ற மருத்துவர் இவையனைத்தையும் நோயேட்டில் ‘வலி’ என்னும் ஒற்றைச் சொல்லாகச் சுருக்கி எழுதும்போது, நோயாளி கொடுத்த தரவில் பெரும்பகுதி இழக்கப்படுகிறது. அடுத்த சந்திப்பில் வேறு மருத்துவர் அவ்வேட்டைப் படிக்கும்போது குத்தலும் எரிச்சலும் வேறுபாடின்றித் தோன்றும்.

4. தொடரமைப்பு காட்டும் நோக்கு

‘எனக்குக் கால் வலிக்கிறது’ என்னும் தொடரில் வலியை உணர்பவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார், எழுவாய் கால். வலித்தல் என்பது உறுப்பின் வினை. மனிதர் அதனை ஏற்பவர் மட்டுமே. மருத்துவமனையில் வழங்கும் ‘என்ன செய்யுது?’ என்னும் வினாவும் இவ்வமைப்பையே உடையது. ‘நீங்கள் என்ன செய்தீர்கள்?’ என அவ்வினா கேட்பதில்லை. இதனால் நோயாளி உறுப்பின் செயலைக் கூறுகிறார். தன் செயலைக் கூறுவதில்லை. எத்தனை மணி நேரம் நின்றார், எத்தகைய தரையில் நடந்தார், அண்மையில் எடை கூடிற்றா, செருப்பை மாற்றினாரா என்பன வினவப்படாவிடில் வெளிப்படா.

குதிகால் வலியில் இச்செய்திகளே காரணத்தைக் காட்டுவன. துணிக்கடைகளில் நாள் முழுதும் நின்று பணிபுரிவோர் நிலை இதற்குத் தக்க சான்று. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் திருத்தம் செய்யப்பட்டு, பணியாளர்க்கு இருக்கை வசதி அளிப்பது கட்டாயமாக்கப்பட்டது. ‘கால் கடுக்க’ என்னும் தொடர் குறித்த துன்பம் சட்டத்தின் கவனத்தைப் பெற்ற நிகழ்வாக இதனைக் கருதலாம்.

நடையைக் குறிக்கும் வினையடைகளும் கருதத்தக்கன. ‘தாங்கித் தாங்கி நடக்கிறார்’ என்பது வலியால் ஒரு காலில் எடையைக் குறைத்து ஊன்றுவதைக் குறிக்கும். ‘காலை இழுத்து இழுத்து நடக்கிறார்’ என்பது பாதத்தை உயர்த்த இயலாத தளர்ச்சியைக் குறிக்கலாம். அது நரம்பு அல்லது மூளை சார்ந்ததாக இருக்கக்கூடும். உடன் வரும் உறவினர் இச்சொற்களைப் பிழையின்றி வழங்குகின்றனர். நோயாளி உணர்வதை அவரே சொல்ல வேண்டும். நடையைச் சொல்ல உழைச்செல்வானே தக்கவர்.

வலியைப் 0 முதல் 10 வரை எண்ணால் குறிக்கச் சொல்வது இன்று பரவலான முறை. ‘உயிர் போகிறது’ என்னும் மரபுத்தொடரை வழங்கும் ஒருவரிடம் எண்ணைக் கேட்டால் அவர் தயங்குவது இயல்பு. செயலோடு இணைத்துக் கேட்பின் விடை எளிதாகும்: நின்றபடி சமைக்க முடிகிறதா, பேருந்து நிறுத்தம்வரை நடக்க முடிகிறதா, படியிறங்கக் கைப்பிடி தேவைப்படுகிறதா என்பன போன்ற வினாக்கள் ஒரு சந்திப்புக்கும் அடுத்த சந்திப்புக்கும் இடையிலான மாற்றத்தை அளக்க உதவும்.

5. நோய்ப்பெயர்களும் அவை தோற்றுவிக்கும் எண்ணங்களும்

5.1 அழற்சி: மருத்துவக் கலைச்சொல்லாகிய ‘அழற்சி’, அழல் என்னும் நெருப்புப் பொருட்சொல்லை அடியாகக் கொண்டது. சிவத்தல், வெப்பம், வீக்கம், வலி ஆகிய குறிகளுக்கு இது பொருத்தமான ஆக்கம். ஆனால் நாட்பட்ட குதிகால் நோயில் அறுவை செய்து எடுத்த திசுக்களை ஆராய்ந்த லெமான்ட் முதலியோர், அழற்சிக்குரிய அணுக்களைக் காட்டிலும் திசுச் சிதைவே அங்குக் காணப்படுகிறது என 2003இல் எழுதினர். அவ்வாறாயின் ‘உள்ளங்கால் பட்டை அழற்சி’ என்னும் பெயர், நோயாளியின் மனத்தில் ‘உடற்சூடு’ என்னும் கருத்தைத் தோற்றுவித்து, சூடு தணிக்கும் உணவைத் தேடச் செய்யும். ‘உள்ளங்கால் பட்டை நோவு’ என்னும் நடுநிலைப் பெயர் இருவர்க்கும் உதவும். 

5.2 எலும்பு வளர்ச்சி: ஊடுகதிர்ப் படத்தில் குதிகால் எலும்பின் கீழ் முள் போன்ற நீட்சி தெரிந்தால், ‘எலும்பு வளர்ந்திருக்கிறது’ எனச் சொல்லப்படுகிறது. வளர்ச்சி என்னும் சொல் கட்டியை நினைவூட்டி அச்சத்தைத் தருகிறது. வளர்ந்ததை வெட்ட வேண்டும் என்னும் முடிவுக்கும் நோயாளியை இட்டுச் செல்கிறது. வலி சிறிதும் இல்லாதோரிடத்தும் இந்நீட்சி காணப்படுகிறது. நீட்சி உள்ளபடியே இருக்க, வலி மட்டும் நீங்குவதும் உண்டு. ஆகவே இது நோயின் காரணம் என்பதினும் உடன்தோற்றம் என்பதே பொருந்தும். 

5.3 நரம்பு: பழந்தமிழில் யாழின் தந்தியையும் சுட்டிய இச்சொல், இன்றைய பேச்சில் உணர்வு நரம்பு, இரத்தக்குழாய், தசைநாண் ஆகிய மூன்றையும் குறிக்கிறது. ‘நரம்பு இழுக்கிறது’ என்பது தசைப்பிடிப்பு. ‘நரம்பு சுருட்டிக்கொண்டது’ என்பது புடைத்த சிரை. ‘நரம்புத் தளர்ச்சி’ வேறொன்று. மருத்துவக் கலைச்சொல் உணர்வு நரம்பை மட்டுமே கொள்வதால், ஒரே சொல்லை இருவரும் வழங்கியும் வெவ்வேறு பொருளைக் கொள்ளும் நிலை ஏற்படுகிறது.

5.4 வாதமும் பித்தமும்: சித்த மருத்துவத்தில் குதிகால் வலி, குதிகால் வாதம் என வழங்குகிறது. யூகி வைத்திய சிந்தாமணி வாத நோய்களை 80 என வகுப்பது, இயக்கம் சார்ந்த நோய்களை ஒரு முதற்காரணத்தின்கீழ்த் தொகுக்கும் முறையைக் காட்டும். ஆயின், பொதுமக்கள் வழக்கில் ‘வாதம்’ பக்கவாதத்தையும் குறிப்பதால், ‘காலில் வாதம்’ என்ற சொற்றொடர் அச்சத்தை விளைவிக்கக்கூடும். குதிகாலின் தோல் பிளப்பதைப் ‘பித்தவெடிப்பு’ என்னும் பெயர் உட்காரணத்தோடு பிணைக்கிறது. வறட்சியும் அழுத்தமும் வெறுங்கால் நடையும் அதற்குப் பெரிதும் காரணமாவதால் ஈரப்பசை தரும் களிம்பும் காலணியும் முதல் தேவை என்பதைப் பெயர் மறைத்துவிடுகிறது.

6. சிகிச்சை அறிவுரைகளின் மொழி

குதிகால் வலி பெரும்பாலோர்க்கு அறுவையின்றியே தணிகிறது. ஆனால் அதற்குப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுவரை ஆகலாம். இக்கால அளவு முதற் சந்திப்பிலேயே சொல்லப்படாவிடில், இரு வாரங்களில் பயனில்லை எனக் கருதி நோயாளி மருத்துவரை மாற்றுகிறார். புதிய மருத்துவரிடம் எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது.

சிகிச்சையின் அடிப்படை நீட்சிப் பயிற்சி. படுக்கையை விட்டு இறங்குமுன், நோவுள்ள காலை மற்றத் தொடைமேல் வைத்து, கையால் விரல்களை முழந்தாளை நோக்கி வளைத்து, பத்து எண்ணும்வரை பிடித்து விட வேண்டும். இவ்வாறு பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை செய்தல் ஒரு முறை. சுவரில் கையூன்றிக் கெண்டைக்கால் தசையை நீட்டுதல் மற்றொன்று. ‘காலுக்குப் பயிற்சி செய்யுங்கள்’ என்னும் பொது அறிவுரையை நோயாளி ‘நன்றாக நடக்க வேண்டும்’ எனப் பொருள் கொள்வதுண்டு. அதிக நடை நோயை மிகுவிக்கும். இங்கு ‘பயிற்சி’ என்பதினும் ‘இழுத்துப் பிடித்தல்’ என்னும் எளிய வினையே பொருளைத் தெளிவாக உணர்த்தும். இயன்முறை சிகிச்சையாளர் ஒருமுறை செய்துகாட்டி, நோயாளியையும் செய்யச் செய்தல் சாலச் சிறந்தது.

மென்மையான குதிகால் தாங்கியும் வளைவைத் தாங்கும் காலணியும் அடுத்து வருவன. ‘வீட்டுக்குள்ளும் செருப்பு அணியுங்கள்’ என்னும் அறிவுரை, செருப்பை வாசலில் கழற்றும் பண்பாட்டோடு மோதுகிறது. கல்தளமும் ஓட்டுத்தளமும் பரவிய இன்றைய வீடுகளில் வெறுங்கால் குதிகாலுக்குச் சுமை மிகுதி. வெளியில் எடுத்துச் செல்லாத, வீட்டுக்கெனவே தனியே வாங்கிய காலணி என விளக்கினால் இவ்வறிவுரை ஏற்கப்படும். பூசையறைக்குள் மட்டும் அதனைத் தவிர்ப்பதால் சிகிச்சை கெடுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

வலி நீடித்தால் ஸ்டீராய்டு ஊசி போடப்படுகிறது. இது குறுகிய காலத்துக்கு வலியைத் தணிக்கும். மீண்டும் மீண்டும் போடுவதால் பட்டை அறுபடவும், குதிகாலின் கொழுப்பு மெத்தை மெலியவும் கூடும். ‘ஊசி போட்டால் சரியாகிவிடும்’ என்னும் தொடரில் உள்ள ‘சரியாதல்’, தணிதலையும் குணமாதலையும் வேறுபடுத்துவதில்லை. தணிதல் என்னும் சொல்லை மருத்துவர் தெரிந்தெடுத்து வழங்கின், ஊசிக்குப் பின்னும் பயிற்சியைத் தொடர வேண்டும் என்பது நோயாளிக்கு விளங்கும்.

7. உணர்விழப்பும் சொல்லின் அமைதியும்

இதுவரை கூறியவை வலியைப் பற்றியன. பாத நோய்களுள் மிகக் கொடியது வலியற்றது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய பால் பிராண்ட், கொல்லிமலையில் பிறந்தவர். தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் அழிவது நோயால் தசை தானே உதிர்வதனால் அன்று. உணர்விழந்த உறுப்பு காயத்தையும் அழுத்தத்தையும் அறியாமையாலேயே என்பதை அவரும் உடன் பணியாற்றியோரும் தெளிவுபடுத்தினர். வலி உடலைக் காக்கும் மொழி என்பது அவர்தம் பணியின் சாரம். அவ்வறிவு இன்று நீரிழிவுப் பாதப் பராமரிப்புக்கும் அடிப்படையாக உள்ளது.

உணர்விழப்பைத் தமிழ் ‘மரத்துப்போதல்’ என்கிறது. மரம் என்னும் பெயரோடு இயைந்த வினை இது. ‘மதமதவென்று இருக்கிறது’, ‘பஞ்சின்மேல் நடப்பது போல் இருக்கிறது’, ‘செருப்பு கழன்றதே தெரியவில்லை’ என்பன அதன் பிற வடிவங்கள். இவை வலிச்சொற்கள் அல்லாமையால், ‘என்ன செய்யுது?’ என்னும் வினாவுக்கு இவை விடையாக வருவதில்லை. ‘ஒன்றும் செய்யவில்லை’ என்பதே விடையாகிறது. முன்பு எரிந்த பாதம் இப்போது எரியவில்லை என்பதை நோயாளி நலமடைந்ததாகவே கொள்கிறார். நரம்பு முற்றிலும் செயலிழந்ததாலும் எரிச்சல் நின்றிருக்கலாம்.

இவ்விடத்தில் நாட்டு மருத்துவ வழக்கொன்று கவனத்துக்குரியது. செங்கல்லைச் சூடாக்கி, அதன்மேல் எருக்கிலையை வைத்துக் குதிகாலை ஒற்றி எடுப்பது பரவலாக அறியப்பட்ட முறை. உணர்வுள்ள பாதம் சூட்டின் எல்லையைத் தானே அறிந்து விலகிக்கொள்ளும். அவர்க்கு அது இதம் தருவது. மரத்த பாதம் விலகாது. தோல் வெந்து புண்ணாகி, அப்புண் ஆறாமல் உறுப்பை நீக்கும் நிலைவரை செல்லக்கூடும். ஒரே மருந்து ஒருவர்க்கு ஒத்தடம், மற்றொருவர்க்குத் தீப்புண். இரண்டையும் வேறுபடுத்துவது ஒரு வினா: ‘காலில் சூடும் குளிர்ச்சியும் தெரிகிறதா?’

சோதனை எளியது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலின் சில இடங்களைத் தொட்டு, கண்களை மூடிய நோயாளியிடம் உணர்வு தெரிகிறதா எனக் கேட்பர். அதிர்வு உணர்வை இசைக்கவையால் அறிவர். தமிழ்நாட்டில் ‘பாதம் பாதுகாப்போம்’ என்னும் பெயரில் நீரிழிவுப் பாதப் பாதிப்பைத் தொடக்கத்திலேயே கண்டறியும் திட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. பொதுவழக்கில் அருகிய ‘பாதம்’ என்னும் சொல் நலவாழ்வுத் துறையின் வழியாக அன்றாட மொழிக்குத் திரும்புவது மொழி நோக்கிலும் குறிப்பிடத்தக்கது.

‘காலை எடுத்துவிடுவார்கள்’ என்னும் அச்சம் பலரை மருத்துவமனைக்குச் செல்லாமல் தடுக்கிறது. காலத்தாழ்வே உறுப்பிழப்புக்குப் பெருங்காரணம் என்பதால், அச்சமே அஞ்சியதை விளைவிக்கிறது. ‘புண் வந்தால் கால் போய்விடும்’ என எச்சரிப்பதினும், ‘புண்ணை அன்றே காட்டினால் காலைக் காக்கலாம்’ என உரைப்பது நோயாளியை மருத்துவரிடம் அழைத்து வரும்.

8. சந்திப்புக்குரிய உரைமுறை

மேற்கண்ட ஆய்விலிருந்து, சில நிமிடங்களே கிடைக்கும் சந்திப்பில் நோயாளி சொல்ல வேண்டியன ஆறு எனலாம். ஒன்று, இடம்: ஒற்றை விரலால் தொட்டுக் காட்டுதல். இரண்டு, தன்மை: குத்தல், கடுப்பு, குடைச்சல், எரிச்சல் ஆகியவற்றுள் எது என்பது. மூன்று, காலம்: முதலடியிலா, நடந்தபின்பா, இரவிலா. நான்கு, செயல்: தொழில், நிற்கும் நேரம், காலணி, தரை. ஐந்து, உணர்வு: சூடு, குளிர்ச்சி, தொடுதல் தெரிகின்றனவா. ஆறு, பிற நோய்களும் முன்செய்த மருத்துவமும்: நீரிழிவு உண்டா, எத்தனை ஊசி போடப்பட்டது, எவ்வகை ஒத்தடம் கொடுக்கப்பட்டது என்பன. இரு குதிகால்களும் நோவதோடு காலையில் முதுகு நெடுநேரம் இறுகியிருக்கும் இளையோர் அதனையும் தவறாது சொல்ல வேண்டும். அது முதுகெலும்பு சார்ந்த வாத நோயின் குறியாக இருக்கலாம்.

விடைபெறுமுன் நோயாளி கேட்க வேண்டியனவும் மூன்று உள: இது தணிய எத்தனை மாதம் ஆகும், எந்நிலையில் உடனே திரும்பி வர வேண்டும், அடுத்த சந்திப்பில் எதைக் கொண்டு முன்னேற்றத்தை அளப்பீர்கள்.

நிறைவுரை

தமிழின் வலிச்சொற்கள் குதிகால் நோயின் தன்மையையும் காலமுறையையும் உரைக்கப் போதிய நுட்பம் உடையன. குறை சொல்வளத்தில் இல்லை; கேட்கும் வினாவிலும் பதியும் முறையிலும் உள்ளது. ‘கால்’, ‘நரம்பு’ என்னும் சொற்களின் விரிந்த பொருட்பரப்பைத் தொட்டுக் காட்டலும் கூட்டுச்சொற்களும் நேர் செய்யும். ‘அழற்சி’, ‘எலும்பு வளர்ச்சி’ முதலிய கலைச்சொற்கள் நோயாளியின் செவியில் எவ்வெண்ணத்தை எழுப்புகின்றன என்பதைக் கலைச்சொல்லாக்கக் குழுக்கள் கருத வேண்டும். அகராதிப் பொருத்தம் மட்டும் போதாது. வட்டார வாரியாக வலிச்சொற்களையும் உணர்விழப்புச் சொற்களையும் தொகுத்து, மருத்துவர் பயன்படுத்தத்தக்க சிறு சொல்லடைவாக்குவது தமிழ்த் துறைகள் மருத்துவக் கல்லூரிகளோடு இணைந்து மேற்கொள்ளத்தக்க பணி. அச்சொல்லடைவில் ‘வலி’ என்னும் தலைச்சொல்லுக்கு அளிக்கும் இடத்தை ‘மரத்தல்’ என்னும் தலைச்சொல்லுக்கும் அளித்தல் வேண்டும். நோவதைச் சொல்ல நோயாளி தானே முன்வருவார். நோகாததைக் கேட்டறிவது மருத்துவர் கடன்.